அளவையும் கலக்கமும்

மெய்ப்பொருளின் இயல்பை ஆராயப் புகுவார் அதற்கு முன்னர் அளவையின் இயல்பை ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது சைவ நூலாசிரியர் துணிபு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் முப்பொருளின் இலக்கணத்தைத் தொடங்குதற்கு முன் அளவை இலக்கணத்தை வைத்தோதியது இக்கருத்துப் பற்றியேயாம். கோல் கோணியதாயின் அதனால் அளக்கப்பட்ட நிலத்தின் எல்லையும் கோணும். பின்னர் அந்நிலத்தில் எடுப்பிக்கும் மதில் எத்துணை உறுதியுடைத்தாயினும் பிறன் நிலத்தில் நிற்பதாய் முடியும்.

இக்காலத்துச் சமய மேடைகளிலும் ஏடுகளிலும் பௌதிக நூலின் ஒரு முடிபு அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஹைசன்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டதும், நிச்சயமின்மைக் கொள்கை எனத் தமிழில் வழங்குவதுமாகிய முடிபே அது. எலெக்ட்ரான் முதலிய நுண்துகள்களைக் காணப் புகின், காணுஞ் செயலே அவற்றைக் கலக்கிவிடுகின்றது என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகின்றது. இதனைக்கொண்டு ஒருசாரார், காண்பானையன்றிக் காட்சிப்பொருள் தனக்கென ஓர் உண்மை உடையதன்று, உலகம் பொய்த்தோற்றமே என்பது விஞ்ஞானத்தாலேயே நிறுவப்பட்டது என்பர். மற்றொருசாரார், அவருட் சைவரும் உளர், ஒரு துகளையே கருவியால் முற்ற அறியலாகாதாயின் பதியைக் கருவியறிவால் அறியலாகாமை சொல்லவும் வேண்டுமோ, சித்தாந்தம் விஞ்ஞானத்தால் வலியுற்றது என்று மகிழ்வர். முன்னவர் கூற்றுச் சைவத்திற்குப் பகை. பின்னவர் கூற்று நட்புப் போல்வது. ஆயினும் இரண்டும் ஒரே தூணைப் பற்றி நிற்கின்றன. அத்தூண் நிற்குமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஹைசன்பர்க் கூறியது யாதென நோக்குதல் வேண்டும். அவர் 1927-ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதினராய், கோபன்ஹேகன் நகரில் போர் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தபொழுது ஒரு கட்டுரை எழுதினார். அதன்கண் ஒரு கற்பனைக் கருவியை அமைத்துக் காட்டினார். ஓர் எலெக்ட்ரான் எவ்விடத்தில் உளது என அறிய, அதன்மேல் ஒளி பட்டுச் சிதறி நுண்ணோக்கியின் வில்லையுட் புகுதல் வேண்டும். ஒளியின் அலைநீளம் எத்துணைக் குறுகியதோ அத்துணைத் துல்லியமாக இடம் தெரியும். ஆதலின் அலைநீளம் மிகக் குறுகிய காமாக் கதிரைக் கொள்க என்றார். ஆனால் ஒளியும் துகள்துகளாக வருவது. அலைநீளம் குறுகக் குறுக ஒவ்வோர் ஒளித்துகளின் தாக்கும் மிகும். அத்தாக்கினால் எலெக்ட்ரானின் உந்தம், அஃதாவது அதன் பொருண்மையையும் வேகத்தையும் பெருக்கி வந்த தொகை, மாறிவிடும். இடத்தை அறிவதில் நேரும் பிழையையும் உந்தத்தில் நேரும் கலக்கத்தையும் பெருக்கினால், அப்பெருக்கம் பிளாங்க் மாறிலி என்னும் மிகச் சிற்றளவின் தரத்தினதாய் நிற்கும் என்பது அவர் முடிபு.

இவ்வாதம் எளிதில் விளங்குவது; அதனாலேயே எங்கும் பரவியது. ஆயினும் அது பிறந்தபொழுதே ஒரு குறையுடன் பிறந்தது. ஒளித்துகள் தாக்கியது என்னும் அளவிலேயே உந்தம் அறியப்படாததாகிவிடாது. தாக்கிய வேகமும் சிதறிய திசையும் தெரியின், தாக்கினால் விளைந்த மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமன்றோ? கழிக்கவியலாமைக்குக் காரணம் வேறு. வில்லை அகன்றிருந்தாலன்றி உருவம் தெளியாது. அகன்றிருப்பின் ஒளித்துகள் அதன் எப்பகுதி வழியாகப் புகுந்தது என்பது தெரியாது. ஆகவே தாக்கின் அளவும் அறியப்படாது. இதனை எடுத்துக்காட்டித் திருத்தியவர் போர். ஹைசன்பர்க்கும் கட்டுரை அச்சேறுங்கால் அதன் இறுதியில் ஒரு பின்குறிப்புச் சேர்த்து அத்திருத்தத்தை ஒப்புக்கொண்டார். 1923-ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த டாக்டர் பட்டத் தேர்வில், வீன் என்னும் பேராசிரியர் நுண்ணோக்கியின் பிரிதிறன் பற்றி வினவியபொழுதும் அவர் விடைகூற மாட்டாது இடர்ப்பட்டார் என்பது வரலாறு. அளக்குங் கருவியின் இலக்கணம் பேரறிவினர்க்கும் எளிதிற் கைவருவதன்று என்பது இதனால் விளங்கும்.

அக்கட்டுரையில் அவர் ஆண்ட சொற்களும் ஆராயத்தக்கன. பெரும்பான்மையும் துல்லியமின்மை எனப் பொருள்படும் சொல்லையும், சிலவிடத்து வரையறையின்மை எனப் பொருள்படும் சொல்லையும், பின்குறிப்பில் நிச்சயமின்மை எனப் பொருள்படும் சொல்லையும் வைத்தார். இம்மூன்றும் ஒருபொருட் கிளவிகள் அல்ல. துல்லியமின்மை கருவியின்பாலது, வரையறையின்மை பொருளின்பாலது, நிச்சயமின்மை அறிவான்பாலது. அறிவான், அறிகருவி, அறியப்படுபொருள் என்னும் மூன்றனையும் வேறுபிரித்துணர்தல் அளவை நூலின் முதற்பாடம். அப்பாடத்தை நெகிழவிட்டமையால், மூன்றாஞ்சொல்லே பிற மொழிகளிலும் பெயராக நிலைத்து, கருவிக்கும் பொருளுக்கும் உரிய செய்தி முழுதும் அறிவான் தலைமேல் ஏற்றப்பட்டது.

அதே 1927-ஆம் ஆண்டில் கென்னார்டு என்னும் அமெரிக்க அறிஞர் கணித நெறியால் ஒரு சமனிலியை நிறுவினார். 1929-இல் ராபர்ட்சன் என்பவர் அதனை இடமும் உந்தமும் அல்லாத பிற இணைகட்கும் பொதுவாக விரித்தார். இன்றைப் பாடநூல்களில் ஹைசன்பர்க் பெயரால் அச்சிடப்படுவது இச்சமனிலியே. அதன் பொருள் வருமாறு. ஒரே முறையால் ஆயத்தஞ் செய்யப்பட்ட இருபதினாயிரம் எலெக்ட்ரான்கள் உள எனக் கொள்க. அவற்றுட் பதினாயிரத்தில் இடத்தை மட்டும் அளக்க. எஞ்சிய பதினாயிரத்தில் உந்தத்தை மட்டும் அளக்க. இட அளவுகள் யாவும் ஒன்றாய் வாரா; ஒரு சராசரியைச் சூழ்ந்து பரவி நிற்கும். உந்த அளவுகளும் அவ்வாறே பரவி நிற்கும். கணிதர் திட்டவிலக்கம் எனக் கூறும் இவ்விரு பரவல்களையும் பெருக்கி வருந் தொகை, பிளாங்க் மாறிலியை 12.57 ஆல் வகுத்த ஈவுக்கு ஒருகாலும் குறையாது.

ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்த எலெக்ட்ரானும் இருமுறை அளக்கப்படவில்லை. இடம் அளக்கப்பட்டதன் உந்தத்தை எவரும் அளந்திலர். உந்தம் அளக்கப்பட்டதன் இடத்தை எவரும் அளந்திலர். ஆகவே ஓர் அளத்தல் மற்றோர் அளத்தலைக் கலக்கிற்று என்றற்கு இடமே இல்லை. கருவிகள் இரண்டும் குற்றமற்றன என்று வைத்துக்கொள்ளினும் சமனிலி அவ்வாறே நிற்கும். எனவே கென்னார்டின் சமனிலி கலக்கத்தைக் கூறுவதன்று. பொருள் ஆயத்தமாகி நின்ற நிலையின் இயல்பைக் கூறுவது என்பது தேற்றம். நுண்ணோக்கிக் கதையைச் சொல்லிவிட்டு இச்சமனிலியை எழுதிக்காட்டுவார், ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்றன் பெயரால் ஓதுவாராவர்.

இவ்வெல்லையின் அளவையும் அறிந்துகொள்ளல் நன்று. ஓர் எலெக்ட்ரானின் இடப் பரவல் ஓர் அணுவின் அளவாகிய, சென்டிமீட்டரைப் பத்துக் கோடி கூறிட்ட ஒரு கூறாக இருப்பின், அதன் வேகப் பரவல் நொடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டருக்குக் குறையாது. இது பெரிது, அணுவின் உள்ளமைப்பு முழுதும் இதனைச் சார்ந்தது. இனி, ஒரு கிராம் எடையுள்ள ஒரு மணியின் இடப் பரவல் மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்ட ஒரு கூறாக இருப்பின், அதன் வேகப் பரவலின் கீழெல்லை மிகமிகச் சிறிது. அவ்வேகத்தில் அம்மணி 1380 கோடி ஆண்டு ஓடினும், மில்லிமீட்டரை நாற்பதினாயிரங் கூறிட்ட ஒரு கூறளவே கடக்கும். குடமும் ஆடையும் மலையும் காண்பான் பார்வையால் உருமாறுகின்றன என்பார்க்கு இச்சமனிலி எவ்வாற்றானும் துணையாகாது.

இதுகாறும் கூறியவாற்றால், ஒரு பெயருள் மூன்று பொருள்கள் மயங்கிக் கிடத்தல் பெறப்பட்டது. அவை பரவல், பிழை, கலக்கம் என்பன. பரவல், ஒரே முறையால் ஆயத்தமானவற்றை அளந்தபொழுது அளவுகள் வேறுபட்டு நிற்றல். பிழை, கருவி காட்டியதற்கும் காட்டியிருத்தற்குரியதற்கும் உள்ள வேறுபாடு. கலக்கம், அளக்கப்பட்டமையால் பொருளின் மற்றொரு குணத்திற்கு நேர்ந்த மாற்றம். சித்தியார் காட்சியளவைக்கு ஐயமும் திரிவும் நீங்குதல் வேண்டும் என வரையறுக்கும். குற்றியோ மகனோ என ஊசலாடுதல் ஐயம். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிவு. பிழை திரிவோடு ஒருபுடை ஒக்கும். பரவல் ஐயத்தை ஒப்பது போலத் தோன்றினும் ஒவ்வாது. ஐயம் அறிவான்பால் நிகழ்வது, பரவல் அளவுகளின் தொகுதியிற் காணப்படுவது. கலக்கமோ இவ்விரண்டனுள்ளும் அடங்காது. அது அறிவின் குற்றமன்று. பொருளுக்கு நேர்ந்த ஒரு வினை. சூடு அறிய நீருள் இட்ட வெப்பமானி அந்நீரின் சூட்டைத் தான் சிறிது கவர்ந்துகொள்வது போல்வது அது.

அஃதேல், கலக்கம் என ஒன்று இல்லையோ எனின், அற்றன்று, உண்டு. அமெரிக்க நாட்டில் ஈர்ப்பலைகளை அறிதற்கு லிகோ என்னும் பெருங்கருவி நிறுவப்பட்டுளது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு குழாய்களின் முனைகளில் 40 கிலோகிராம் எடையுள்ள கண்ணாடிகள் தொங்குகின்றன. அவற்றிடையே லேசர் ஒளி சென்று மீள்கின்றது. கண்ணாடியின் அசைவை அளக்கும் அவ்வொளியே, துகள்துகளாய் வந்து மோதுதலால் கண்ணாடியைச் சிறிது அசைக்கவுஞ் செய்கின்றது. இவ்வசைவு 2020-ஆம் ஆண்டில் கருவியாற் கண்டு வெளியிடப்பட்டது. அதனோடு, ஒளியை ஒரு முறையால் ஒழுங்குபடுத்தி விடுத்து, நெடுங்காலம் கடக்கலாகாததெனக் கருதப்பட்ட ஓர் எல்லைக்கும் கீழாக அக்குவாண்டம் நடுக்கத்தைக் குறைக்கலாம் என்பதும் அவ்வாராய்ச்சியிலேயே காட்டப்பட்டது. எனவே கலக்கம் உண்மை. ஆயின் அது கருவியின் அமைப்பைப் பொறுத்துக் கூடியுங் குறைந்தும் வருவது என அறிக.

இனி, பிழைக்கும் கலக்கத்திற்கும் உள்ள தொடர்பு யாது? அவற்றின் பெருக்கம் எஞ்ஞான்றும் ஓரெல்லைக்குக் குறையாது என்பது ஹைசன்பர்க் கூற்றின் உட்கிடை. கென்னார்டு நிறுவியது பரவலைப் பற்றியதேயாகலின், இது பல ஆண்டுகள் பொதுப்பட நிறுவப்படாமலே நிறுவப்பட்டது போல வழங்கி வந்தது. 2003-ஆம் ஆண்டில் மசநாவோ ஓசாவா என்னும் ஜப்பானியக் கணித அறிஞர், பிழையையும் கலக்கத்தையும் கணித முறையால் வரையறுத்து, அவ்வெளிய பெருக்கத் தொடர்பு பொதுவாக நில்லாது எனக் காட்டினார். பிழையையும் கலக்கத்தையும் பெருக்கியதனோடு, பிழையை உந்தப் பரவலாலும் கலக்கத்தை இடப் பரவலாலும் பெருக்கியவற்றையும் கூட்டினாலன்றி எல்லை நிரம்பாது என்பது அவர் சமனிலி. இதன்படி, பிழை முற்றும் ஒழிந்தவிடத்தும் கலக்கம் எல்லையின்றிப் பெருகவேண்டும் என்னும் நியதி இல்லை.

2012-ஆம் ஆண்டில் வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹசெகாவா முதலிய அறிஞர்கள் ஓசாவாவுடன் கூடி இதனை நியூட்ரான்களிற் சோதித்தனர். நியூட்ரானின் தற்சுழற்சியை ஒரு திசையில் அளக்கும் முதற்கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பி வேண்டுமென்றே பிழையுண்டாக்கி, பின்னர் மற்றொரு திசைத் தற்சுழற்சி எவ்வளவு கலங்கிற்று என இரண்டாங் கருவியால் கண்டனர். பிழை, கலக்கம் என்பவற்றின் பெருக்கம் பழைய எல்லைக்குக் கீழே இறங்கிற்று. ஓசாவாவின் சமனிலியோ வழுவாது நின்றது. அவ்வாண்டிலேயே கனடா நாட்டு டொராண்டோவில் ஸ்டைன்பர்க் முதலியோர் ஒளித்துகள்களின் தளவிளைவை மிக மென்மையாக அளக்கும் ஒரு முறையால் சோதித்து அதே முடிபைக் கண்டனர். செய்தித்தாள்கள் ஹைசன்பர்க் பிழைத்தார் என முழங்கின.

அம்முழக்கம் அடங்குமுன், 2013-ஆம் ஆண்டில் புஷ், லாக்தி, வெர்னர் என்னும் மூவர், ஹைசன்பர்க்கின் பிழை-கலக்கத் தொடர்பை நிறுவிவிட்டோம் என ஒரு கட்டுரை வெளியிட்டனர். முந்திய ஆண்டில் ஆய்வறையில் மீறப்பட்டதெனக் காட்டிய ஒன்றே மறு ஆண்டிற் கணிதத்தால் நிறுவப்பட்டது! ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டுமன்றோ எனின், வேண்டா. இருதிறத்தார் கணிதமும் வழுவற்றது. ஆய்வறை முடிபுகளும் வழுவற்றன. வேறுபாடு பிழை என்னுஞ் சொல்லின் இலக்கணத்தில் உளது.

இலக்கணத்திற்கு அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என மூன்று குற்றங்கள் உள என்பது தருக்கம் பயின்றார் அறிவர். பசுவுக்கு இலக்கணம் கபிலநிறமுடைமை என்பது கபிலமல்லாத பசுவிற் செல்லாமையின் அவ்வியாத்தி. கொம்புடைமை என்பது எருமையினுஞ் செல்லுதலின் அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடைமை என்பது எப்பசுவினும் இன்மையின் அசம்பவம். இவ்வுரைகல்லிற் பௌதிக நூலாரின் இலக்கணங்களை உரைத்து நோக்குக.

எப்பொருளை இட்டாலும் ஒரு கழஞ்சே காட்டும் பொய்த்துலாக்கோல் ஒன்றுளது என வைத்துக்கொள்க. அதன்கண் ஒருவன் மெய்யாகவே ஒரு கழஞ்சுள்ள பொன்னை இட்டான். அவ்வேளையில் துலாக்கோல் பிழைத்ததா? அந்நிகழ்ச்சி ஒன்றையே நோக்குவார் பிழையில்லை என்பர். துலாக்கோலின் தன்மையை நோக்குவார் அது முழுப்பொய் என்பர். ஓசாவாவின் இலக்கணம் நிகழ்ச்சியை நோக்கியது: இந்நிலையில் நின்ற இத்துகளை அளந்தபொழுது நேர்ந்த பிழை எவ்வளவு என்பது அதன் வினா. மூவர் இலக்கணம் கருவியை நோக்கியது: எந்நிலையில் நின்ற துகளை இடினும் இக்கருவி செய்யத்தக்க பெரும்பிழை எவ்வளவு என்பது அதன் வினா. வினா இரண்டாகலின் விடையும் இரண்டாயிற்று.

மூவர் ஓசாவாவின்மேற் சாட்டிய குற்றம் அதிவியாத்தியாய் முடிவது. அவர் இலக்கணப்படி பிழை சுழி என வருமிடங்களுட் சிலவற்றில், கருவி காட்டும் அளவுகளின் பரவலும் செம்மையான கருவி காட்டும் பரவலும் ஒவ்வாதிருத்தல் உண்டு. பிழையின்மையின் இலக்கணம் பிழையுள்ளதன்கண்ணும் சென்றது. ஓசாவா இதனைப் புறக்கணித்திலர். 2019-ஆம் ஆண்டில், பிழையில்லாதவிடத்துச் சுழியாய், பிழையுள்ளவிடத்துச் சுழியாகாததாய் நிற்கும் ஓர் இலக்கணத்தைத் திருத்தியமைத்து, தம் சமனிலி அதற்கும் பொருந்துமெனக் காட்டினார். தடை நிகழ்ந்தபொழுது இலக்கணத்தைத் திருத்திக்கொள்ளுதல் நல்லாசிரியர் இயல்பு. மூவர் இலக்கணத்திற்கும் ஒரு குறை உண்டு. பத்துக் கழஞ்சு வரையில் செவ்விதாய் நின்று, நூறு கழஞ்சில் தடுமாறும் துலாக்கோலில் ஒரு மோதிரத்தை நிறுத்தவனையும் அது பிழைபட நிறுத்தான் என்னும். நிகழ்ச்சியின் செம்மையை அறிய விழைவார்க்கு அது அவ்வியாத்தி. எனவே ஹைசன்பர்க் வென்றார் என்பதும் தோற்றார் என்பதும் ஒப்பக் குறையுடையன. அவர் தம் கட்டுரையிற் பிழையை வரையறுத்திலர்; வரையறுக்கப்படாத ஒன்று மீறப்பட்டது என்றலும் நிறுவப்பட்டது என்றலும், வரையறுத்தவர் பெயராற் சொல்லத்தக்கனவேயன்றி அவர் பெயராற் சொல்லத்தக்கன அல்ல.

இவ்வழக்கின் வேர் இன்னும் ஆழத்தில் உளது. திரிவு திரிவென அறியப்படுவது எவ்வாறு? இப்பியை வெள்ளியெனத் துணிந்தான் அணுகிச் சென்று கையிலெடுத்து நோக்குகின்றான். பின்வந்த அறிவு முன்வந்த அறிவை அழிக்கின்றது. அவ்வழித்தல் நிகழ்ந்தாலன்றி முன்னையது திரிவென்னும் பெயர் பெறாது. எலெக்ட்ரான்கண்ணோ, கருவி காட்டிய அளவையும் அளத்தற்கு முன் உற்ற அளவையும் ஒருதுகளிலேயே ஒருங்கு வைத்து ஒப்புநோக்குதல் எல்லா அமைப்பினும் இயல்வதன்று. அளந்த கணம் மீளாது. அதனை அணுகிச் சென்று கையிலெடுக்கும் பின்னறிவு இல்லை. ஒப்புநோக்குதற்கு வேண்டும் இரண்டனுள் ஒன்று கிட்டாதபொழுது, பிழையாவது இது என ஆசிரியர் ஒருதலையாக வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வகுப்பிலேயே கருத்து வேறுபாடு புகுந்தது. அளவை இலக்கணம் வீண்வாதம் என எள்ளுவார் இதனை ஓர்வாராக. மிக நுண்ணிய கருவிகளைச் செய்தாரும் இறுதியில் வந்து நின்றது இலக்கணம் எது என்னும் வினாவின்கண்ணேயாம்.

இனி, உலகம் காண்பானால் ஆவது என்பார் கூற்றை ஆராய்வாம். நுண்ணோக்கி வாதத்தில் எலெக்ட்ரானைத் தாக்கியது யாது? ஒளித்துகள். லிகோவிற் கண்ணாடியை அசைத்தது யாது? ஒளித்துகள். சடம் சடத்தைத் தாக்கிற்று. அறிவான் ஆண்டு ஒன்றுஞ் செய்திலன். 1896-ஆம் ஆண்டில் பெக்கரெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் மேகமூட்டத்தால் ஆய்வு தடைப்பட, யுரேனிய உப்பையும் மூடிய நிழற்படத் தகட்டையும் இழுப்பறையுள் வைத்துவிட்டார். சில நாள் கழித்துத் தகட்டைக் கழுவி நோக்க, கதிர்களின் சுவடு முன்னரே பதிந்திருந்தது. இருட்டில் காண்பாரின்றி நிகழ்ந்த நிகழ்ச்சி அது. சைவ சித்தாந்தத்தில் அளவையென உண்மையிற் பெயர் பெறுவது ஆன்மாவின் சிற்சத்தியே. கண்ணும் விளக்கும் அதற்குத் துணைக்கருவிகள். கருவியின் வினையைச் சிற்சத்தியின்மேல் ஏற்றி, அறிவு பொருளை ஆக்கிற்று என்றல், விளக்கின் சூட்டால் திரைச்சீலை கருகியபொழுது கண் அதனைக் கருக்கிற்று என்றல் போலும்.

விஞ்ஞானிகளுள்ளும் அறிவானே முடிவுசெய்வான் என்றவர் உளரேயெனின், உளர். விக்னர் என்னும் பேரறிஞர் 1961-ஆம் ஆண்டில் அக்கருத்தை எழுதினார். பின்னாளில் அவரே அதனைக் கைவிட்டார். அளத்தற்கு முன் எலெக்ட்ரானுக்கு வரையறுத்த இடம் உண்டோ என்னும் வினாவில் பௌதிக நூலார் பல பள்ளியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். இல்லை என்னும் பள்ளியையே கொள்ளினும், வரையறுத்த இடமின்மை பொருளின்மை ஆகாது. எலெக்ட்ரானின் பொருண்மையும் மின்னேற்றமும் யார் அளப்பினும் எங்கு அளப்பினும் ஒரே தன்மையன. ஒரு குணம் வரையறைப்படாது நிற்றலால் குணி இல்பொருள் எனத் துணிதல், உள்ளதன் ஒரு நிலையைக் கண்டு உள்ளதையே மறுத்தலாம். இதுபற்றிச் சற்காரியவாதமே விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டது எனச் சைவர் எழுதப் புகுவாராயின், அதுவும் எதிரிகள் செய்த பிழையையே செய்ததாகும்.

இன்னும் ஒன்று. அறிதலினால் மாறுவது எது என்னும் வினாவிற்குச் சித்தாந்தம் கூறும் விடை, இம்மேடைப் பேச்சிற்கு நேர்மாறானது. பளிங்கு தன்னைச் சார்ந்ததன் நிறத்தைக் கொள்வது போல, ஆன்மா தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்கும் இயல்பினது. அறிதற்கண் வேறுபடுவது அறியும் உயிரேயன்றி அறியப்படும் பொருள் அன்று. மெய்கண்டார் மரபினர், காண்பான் காட்சிப்பொருளை ஆக்குகின்றான் என்னும் கொள்கைக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்தது என மகிழ்தற்கு ஒரு காரணமும் இல்லை. பரபக்கத்தில் யோகாசாரனையும் மாயாவாதியையும் மறுத்த அருணந்தியார் மாணாக்கர் வழியினர், அவர்தம் வாதத்தையே ஆய்வறை உடையுடுத்து வந்தபொழுது வாயிலில் எதிர்கொள்ளல் தகாது.

பாசஞானத்தாற் பதியை அறியலாகாமைக்கு இதனைச் சான்றாக்குவார் கூற்றும் போலியேதுவேயாம். பௌதிக நூல் கூறும் எல்லை ஒரு பொருளின் இரு குணங்களிடையே உள்ளது. இடத்தை மட்டும் அறிய விழையின் வேண்டுமளவு துல்லியமாக அறியலாம். உந்தத்தை மட்டும் அறிய விழையினும் அவ்வாறே. இரண்டனையும் ஒருங்கு கூராக்கவே இயலாது. பதியைப் பாசஞானம் அறியாமை இத்தகையதன்று. பதி சுட்டறிவிற்கு விடயமாகாமையால் அறியப்படாமை அது. கருவி பருமையாக இருத்தலால் அன்று. மிக நுண்ணிய கருவி நாளை தோன்றினும் அது நீங்காது. மிகப் பரிய கருவியால் இன்று அது மிகுவதும் இல்லை. இவ்வுவமையைக் கொள்வார், அறியாமலே பதியை அளவிடற்குரிய பொருள்களின் வரிசையில், அளத்தற்கரிய ஒன்றாக மட்டும் வைத்துவிடுகின்றனர். வணங்கப் புகுந்து குறைத்துரைத்தல் அன்றோ அது?

இதனால் வரும் இழுக்கைக் கருதுக. 1927-இல் எழுந்த ஒரு வாதத்தின்மேல் சித்தாந்தத்தைச் சார்த்தி ஒருவர் பேசினார் எனின், 2003-இல் அது திருத்தப்பட்டபொழுது கேட்ட இளைஞன் எதனைத் திருத்தப்பட்டதாகக் கொள்வான்? ஹைசன்பர்க்கையா, சித்தாந்தத்தையா? 2013-இல் மற்றொரு கட்டுரை வந்தபொழுது அவன் மீண்டும் சைவனாவானா? ஆகமமும் அருளாசிரியர் நூல்களும் அளவையாக நிற்கும் சமயத்திற்குப் பத்தாண்டிற்கொருமுறை மாறும் முட்டுக்கோல் வேண்டா. விஞ்ஞானமும் தன்னைப் பிறர் முட்டுக்கோலாக்குதலை வேண்டுவதன்று; தன் பிழையைத் தானே தேடித் திருத்துவது அதன் பெருமை. அத்திருத்தத்தைச் சைவர் அறிந்து போற்றலாம். அதனை அறியாது அதன் பழைய கதையை மேற்கோளாக்குதல் இருவர்க்கும் தீங்கு.

ஆதலின் இக்கொள்கையைச் சமய மேடையில் எடுத்தாள விழைவார், அவ்விடத்துக் கூறப்படுவது பரவலோ பிழையோ கலக்கமோ என்பதை முதற்கண் வரையறுப்பாராக. கலக்கம் என்பாராயின், கலக்கியது ஒளியோ அறிவோ என்பதைக் கூறுவாராக. இவ்விரண்டு வினாவிற்கும் விடை கூறிய பின்னர் எஞ்சி நிற்கும் வாதம் யாதாயினும் அதனைச் சைவவுலகம் கேட்கக் கடமைப்பட்டது. அளவையை முன்வைத்த ஆசிரியர் முறைமையைப் பின்பற்றுவார்க்கு இது மிகையான வேண்டுகோள் ஆகாது.